காப்புக் கட்டிய பத்து மாதங்கள்

எங்கள் அவனியாபுரத்தில் தைப் பொங்கலன்றே ஜல்லிக்கட்டு நடப்பதால், மற்ற ஊர்களில் மாட்டுப் பொங்கலுக்குக் கூடும் உறவினர் கூட்டம் எங்கள் வீட்டில் ஒரு நாள் முன்னதாகவே கூடிவிடும். கிரீன் கார்டு கைக்கு வந்தபின் நான் முதன்முறையாக ஊருக்கு வந்திருந்த இந்தப் பொங்கலிலும் வீடு நிறைந்திருந்தது. என் சித்தப்பா மகள் மட்டும் இல்லை. அவள் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸில், அமெரிக்கக் குடிமகனான கணவரோடு, நான் சென்ற ஆண்டு எதற்காகக் காத்திருந்தேனோ அதற்காகவே காத்திருக்கிறாள். கலிபோர்னியாவில் தோழியின் திருமணத்துக்குப் போக வேண்டும் என்று அவள் தொலைபேசியில் சொன்னதிலிருந்து சித்திக்குத் தூக்கமில்லை. பந்தி முடிந்து பெண்கள் திண்ணையில் உட்கார்ந்தபோது சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கார்டு வர்ற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்றாங்களே தாயி, பிளேன் ஏறுனா பிடிச்சுக்க மாட்டாங்களா? நீ சொன்னா அவ கேப்பா" என்றார்.

சித்தியின் அச்சத்தை அறியாமை என்று நான் தள்ளிவிட முடியாது. அதே அச்சத்தோடு மூன்று மாதங்கள் டெட்ராய்ட் புறநகர் ஒன்றில், மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போகாமல் இருந்தவள் நான். வெளிநாடு போகக் கூடாது என்பதையும் வெளியூர் போகக் கூடாது என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் காரணம். குழப்பத்தைத் தீர்த்து வைத்தது வழக்கறிஞர் அல்ல, எண்பத்து மூன்று வயதான என் அப்பத்தா.

அப்பத்தாவின் பிறந்த ஊர் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை கையில் காப்பு உள்ளவர்கள் ஊர் எல்லையைத் தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது. ஊருக்குள்ளே எந்தத் தெருவுக்கும் போகலாம், எந்த வீட்டிலும் சாப்பிடலாம், வயலுக்குப் போய் வேலையும் பார்க்கலாம். சென்ற ஆண்டு நான் தொலைபேசியில் அழுதபடி என் நிலையை விளக்கியபோது, அப்பத்தா சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உனக்குக் காப்புக் கட்டிருக்கு. எல்லையத் தாண்டாத. எல்லைக்குள்ள ஏன் ஒடுங்கிக் கெடக்க?" என்று கேட்டார். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நானும் என் கணவரும் 2024 நவம்பரில் மிச்சிகனில் திருமணம் செய்துகொண்டோம். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பத்தாவால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. 2025 ஜனவரியில், கணவர் எனக்காக அளிக்கும் ஐ-130 மனுவையும், அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டு கேட்கும் என்னுடைய ஐ-485 விண்ணப்பத்தையும் ஒன்றாக அனுப்பினோம். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் சில காலம் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி எனக்குப் பிப்ரவரியில் முடிந்தது. அதன்பின் நான் அந்த நாட்டில் இருப்பதற்கு அடிப்படை, நிலுவையில் உள்ள அந்த விண்ணப்பம் மட்டுமே. அது நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்னும் முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை நாமே கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 வேலை விசாக்களும் அவற்றைச் சார்ந்த குடும்ப விசாக்களும் உள்ளவர்களுக்கு இதில் விலக்கு உண்டு; மாணவர் விசாவில் வந்த எனக்கு இல்லை.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன் அனுமதிக்கான ஐ-131 படிவத்துக்கு முன்பெல்லாம் தனிக் கட்டணம் கிடையாது. ஐ-485 கட்டணத்திலேயே அடங்கியிருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அதைப் பிரித்து 630 டாலர் ஆக்கினார்கள். ஐ-485க்கு மட்டுமே 1,440 டாலர் கட்டியிருந்த நாங்கள், உடனே ஊருக்குப் போகப் போவதில்லையே என்று எண்ணி ஐ-131-ஐ விட்டுவிட்டோம். மார்ச் மாதம் அப்பத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவரின் கடிதத்தோடு உள்ளூர் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய் அவசர முன் அனுமதி கேட்கும் வழி உண்டு என்று வழக்கறிஞர் சொன்னார். நாங்கள் காகிதம் சேர்ப்பதற்குள் இங்கே அறுவை சிகிச்சை முடிந்து அப்பத்தா வீடு திரும்பிவிட்டார். அந்தப் பத்து நாட்களில் நான் பட்ட பாட்டுக்கு 630 டாலர் ஒரு தொகையே அல்ல. விண்ணப்பம் அனுப்பும் அன்றைக்கே ஐ-131-ஐயும் சேர்த்து அனுப்பிவிடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் மன்றாடிச் சொல்கிறேன்.

சித்திரை வந்தது. மதுரைப் பக்கத்துப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று அம்மன் கழுத்தில் மங்கல நாண் ஏறும் நேரத்தில் சுமங்கலிகள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். அது என் திருமணத்துக்குப் பின் வந்த முதல் திருக்கல்யாணம். எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் மீனாட்சி கோயில் ஆடி வீதியில் அப்பத்தாவோடு உட்கார்ந்து கயிறு மாற்றிக்கொள்வேன் என்று சிறு வயதிலிருந்தே நினைத்திருந்தேன். அதற்கு வழியில்லை என்றானபோது, ஹூஸ்டனில் உள்ள பெரியம்மா மகள் என்னை அங்கே அழைத்தாள். ஹூஸ்டனை அடுத்த பேர்லாண்டில் மீனாட்சிக்கென்றே எழுப்பப்பட்ட கோயில் இருக்கிறது. "மதுரைக்கு வரத்தானே தடை? மீனாட்சிக்கிட்ட வர யார் தடுத்தா?" என்று அக்கா கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் அப்பத்தா காப்புக் கட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். நான் டிக்கெட் எடுத்தேன்.

2025 மே 8 காலை மதுரையில் திருக்கல்யாணம். ஹூஸ்டன் நேரம் மதுரைக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், அங்கே அது மே 7 இரவு. ஆகவே மே 7 பகலில் நான் பறந்தாக வேண்டும். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் ஏறுவோர் ரியல் ஐடி என்னும் மத்திய அரசுத் தரத்தில் உள்ள ஓட்டுநர் உரிமமோ அதற்கு இணையான வேறு அடையாளமோ காட்ட வேண்டும் என்ற விதி, 2005-இல் சட்டமாகிப் பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, நடைமுறைக்கு வந்ததும் அதே 2025 மே 7-இல்தான். என் மிச்சிகன் ஓட்டுநர் உரிமமோ ஓபிடி முடிந்த தேதியோடு காலாவதியாகியிருந்தது. ஈஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை இன்னும் வரவில்லை. முதல் நாள் இரவு முழுவதும் நான் உறங்கவில்லை.

உண்மையில் நான் அஞ்சியிருக்கத் தேவையில்லை. விமான நிலையப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ ஏற்றுக்கொள்ளும் அடையாளங்களில் வெளிநாட்டு அரசு வழங்கிய பாஸ்போர்ட்டும் ஒன்று; ஈஏடி அட்டையும் ஒன்று. நம் இந்தியப் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் இருந்தால் அதுவே போதும். ரியல் ஐடி இல்லை என்பது குறையே அல்ல. பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி முடிந்துவிட்டதே என்று நான் கலங்கினேன். விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கான சீட்டு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போவதற்கு அது பயன்படுவதில்லை. டெட்ராய்ட் விமான நிலையத்தில், நம் மதுரை விமான நிலையத்தைப்போல வாசலில் நின்று சீட்டையும் அடையாளத்தையும் பார்க்கும் காவலர் கிடையாது. உள்ளே பாதுகாப்பு வரிசையில் ஓர் அலுவலர் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தார், என் முகத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஹூஸ்டனில் இறங்கியபோது, ஏதாவது ஒரு கவுண்டரில் காகிதம் காட்ட வேண்டியிருக்கும் என்று கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டே நடந்தேன். எங்கும் யாரும் கேட்கவில்லை. உள்நாட்டு விமானத்திலிருந்து இறங்குபவர்களுக்குக் குடியேற்றச் சோதனை கிடையாது.

பெயரில்தான் கவனம் வேண்டும், அதிலும் நம் தமிழ்ப் பெயர்களில். விமானச் சீட்டில் உள்ள பெயர் காட்டப்போகும் அடையாளத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். சிலருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு, அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று போட்டுவிடுவார்கள். அதுவே ஈஏடி அட்டையிலும் உரிமத்திலும் தொடரும். ஈஏடி காட்டிப் பயணம் செய்வதானால் சீட்டு அந்தப் பெயரில், பாஸ்போர்ட் காட்டுவதானால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில். திருமணமான உற்சாகத்தில் கணவர் பெயரைச் சேர்த்துச் சீட்டு எடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கக் கண்டு விமான நிலையத்தில் தவித்த பெண்ணை எனக்குத் தெரியும்.

அன்றிரவு பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியில் மதுரை நேரலை ஓடியது. அம்மன் கழுத்தில் நாண் ஏறியபோது அக்கா என் கழுத்தில் புதுக் கயிற்றைக் கட்டினாள். இங்கே வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பத்தா வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பேர்லாண்ட் கோயிலில் மீனாட்சியின் முன் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்பது அக்காவுக்குத்தான் தெரியும்.

அந்தப் பயணத்துக்குப் பின் கணவரும் நானும் நிறையச் சுற்றினோம். கையில் எப்போதும் ஓர் உறை இருக்கும். அசல் பாஸ்போர்ட், இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்ட ஐ-94 நுழைவுப் பதிவு, ஐ-485 பெறப்பட்டதற்கான ரசீது அறிவிப்பின் நகல், திருமணச் சான்றிதழின் நகல்; ஜூனில் ஈஏடி வந்தபின் அதுவும் சேர்ந்தது. ரசீது அறிவிப்பு ஓர் அடையாள அட்டை ஆகாது. ஆனால் எந்த அடிப்படையில் இங்கே இருக்கிறாய் என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கிறது. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய சட்டம். முன்பு யாரும் பெரிதாகக் கேட்டதில்லை என்பதற்காக அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது; 2025 முதல் கெடுபிடி கூடியிருக்கிறது. எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் 100 மைல் வரையிலான பகுதியில் எல்லைக் காவல் படை பேருந்திலும் ரயிலிலும் ஏறிக் கேட்கலாம். தெற்கு டெக்சாஸில் நெடுஞ்சாலை நடுவிலேயே நிரந்தரச் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. தென்கோடிக் கடற்கரையான சௌத் பாட்ரே தீவுக்குப் போய்விட்டு ஹூஸ்டன் திரும்புபவர்கள் வழக்கமாகச் சரிட்டா சாவடியைக் கடந்துதான் வருவார்கள். காகிதம் சரியாக உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு நிமிடக் கேள்வி. முன்பு நாடு கடத்தும் ஆணை உள்ளவர்கள், காவல்துறை வழக்கு உள்ளவர்கள், சோதனைக்கு உட்படாமல் நாட்டுக்குள் வந்தவர்கள் ஆகியோருக்கு நான் சொல்லும் எதுவும் பொருந்தாது. அவர்கள் உள்ளூர் விமானம் ஏறுமுன்னும் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

என்னை உண்மையாகவே நடுங்க வைத்த இடம் நயாகரா. டெட்ராய்டிலிருந்து நயாகராவுக்குச் செல்பேசியில் வழி கேட்டால், அது முதலில் காட்டுவது கனடா வழியை. எல்லைப் பாலத்தைக் கடந்து கனடாவின் விண்ட்ஸர், ஹாமில்டன் என்று போனால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அமெரிக்கப் பக்கமாகவே டொலிடோ, கிளீவ்லாந்து, ஈரி என்று ஏரியைச் சுற்றிப் போனால் ஆறு மணி நேரத்துக்கு மேல். கணவர் குடிமகன், அவருக்குக் குறுக்கு வழியில் போய்த்தான் பழக்கம். பேசிக்கொண்டே ஓட்டினால் டெட்ராய்ட் நகருக்குள் ஒரு தவறான திருப்பம் போதும், திரும்ப இடமில்லாத பாலத்தின் மீது நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்தப் பாலத்தில் ஏறிவிட்டால் பத்து மாதக் காத்திருப்பும் அங்கேயே அறுந்துவிடலாம். ஆகவே சுற்று வழியில் போனோம். அன்று முழுவதும் பலகைகளில் கனடா என்ற சொல்லைப் படிப்பதே என் வேலையாக இருந்தது. அருவியின் அமெரிக்கக் கரையில் நின்றபோது எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கிருந்துதான் அருவி முழுமையாகத் தெரியும் என்கிறார்கள். வைகையின் இந்தக் கரையில் காப்புக் கட்டிக்கொண்டு நின்று அந்தக் கரைத் திருவிழாவைப் பார்ப்பதுபோல நான் நின்று பார்த்தேன்; அதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை.

கடல் தாண்டினால் வெளிநாடு என்றும், அமெரிக்கர்கள் சாதாரணமாகப் போய் வருவதெல்லாம் உள்நாடு என்றும் நினைப்பது இரண்டுமே தவறு. ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க விர்ஜின் தீவுகள், குவாம் ஆகியவை குடியேற்றச் சட்டப்படி எல்லைக்குள் அடங்கியவை. வழியில் அயல்நாட்டில் இறங்காத விமானமாக மட்டும் இருக்க வேண்டும். மயாமியிலிருந்து மூன்று நாள் பஹாமாஸ் போய்வரும் உல்லாசக் கப்பல் எல்லையைத் தாண்டியதுதான். இவற்றுள் மிக நயமான பொறி அலாஸ்கா. சியாட்டிலிலிருந்து விமானத்தில் நேரே போனால் உள்நாடு. அதே சியாட்டிலிலிருந்து உல்லாசக் கப்பலில் போனால், அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் வழியில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால், அது கனடாவைத் தொட்டுவிடும். காரில் போனாலும் கனடா வழியாகத்தான் போக வேண்டும்.

தபாலைப் பற்றியும் சித்தியிடம் சொன்னேன். கைரேகை எடுக்கும் நாள், நேர்காணல் நாள் எல்லாம் கடிதத்தில்தான் வரும். சொல்லாமல் தவறவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளலாம். கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதத்துக்கும் கெடு உண்டு. ஆகவே நாங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் எங்கும் தங்கவில்லை; போகும்போது பக்கத்து வீட்டில் தபால் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். வெறும் பயணத்துக்கு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வீடு மாறினால் மட்டும் 10 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அக்டோபர் நேர்காணலில் அலுவலர் எங்களிடம் முதலில் விசாரித்தது நயாகரா பயணத்தைப் பற்றித்தான். இருவர் பெயரிலும் எடுத்த விடுதி அறை, அடுத்தடுத்த இருக்கைச் சீட்டுகள், படங்கள் எல்லாம் இது உண்மையான திருமணம் என்பதற்குச் சான்றாகும். நவம்பரில் கார்டு வந்தது. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாததால் இரண்டு ஆண்டுக் கார்டுதான்; அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

நான் சொல்லி முடித்தபோது, திண்ணையில் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, தடியை ஊன்றி எழுந்து உள்ளே போனார். பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். சென்ற சித்திரையில் கோயிலிலிருந்து அம்மா வாங்கி வந்த குங்குமமும் மஞ்சள் கயிறும் எட்டு மாதமாக அதற்குள் இருந்திருக்கின்றன. அதில் பாதியைப் பிரித்துச் சித்தியிடம் கொடுக்கச் சொன்னார். அவருடைய மகளுக்கும் இந்தச் சித்திரைதான் முதல் திருக்கல்யாணம்.

இரவு சித்தி கொலம்பஸுக்குப் பேசினார். கலிபோர்னியாவுக்குப் போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வைத்து, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். பிறகு டிக்கெட்டில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்.